கப்பலில் நிற்கிற ஆடு

சேசு மரியே சூசை துணை

ராயபுரம், மெட்ராஸ்-13
9-8-1969

அன்பு மகள் ஐரீன் டீச்சரம்மாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் இரக்கத்தில் இங்கே எல்லோரும் சுகம். அப்பா சுகம், அவருடைய இருமலும் அவரை விட்டுப் பிரிய மனசில்லாமல் சுகமாகவே இருக்கிறது. உன் தம்பி ஜேக்கப்புக்கு திருவொற்றியூர் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், அதனால் பகலெல்லாம் வீட்டில் இருந்து என் உயிரை வாங்க அவனுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கடலுக்கு நடுவில் இருக்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர் மழையில் தலை நனையாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே, மூன்றாம் கிளாஸோடு நின்றவள் நாலு நாளாகக் குந்தி எழுதுகிற கடிதம் இது, சிவப்பு மசியால் திருத்தாமல் படி.

உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்துவிட்டு வருவதற்குள் உன் அப்பா அதைப் பிரித்து மூன்று தடவை படித்துவிட்டு, ஹார்பரில் பளு தூக்குகிற விஞ்சில் மூட்டை பாதியில் தொங்கும்போது கரண்டு போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு உன் ஒன்பதாம் கிளாஸில் ஒரு பிள்ளையும் இங்கிலீஷில் வாயைத் திறக்கவில்லை, வங்காளி தெலுங்கு தமிழ் ராஞ்சிப் பக்கத்துப் பேச்சு என்று ஆளுக்கொரு பாஷை வைத்திருக்கிற அந்தப் பிள்ளைகள் நீ பேசினால் விலை படியாத மீனைப் பார்க்கிற மாதிரி உன்னைப் பார்க்கிறார்கள், உனக்குப் பாடம் சொல்லித்தரவே வராது, ராஜினாமா எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறாய், கால் பரீட்சை முடிந்ததும் அதை நீட்டிவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவாய், இவ்வளவும் எழுதியிருந்தாய். கடைசி வரியில் கண்ணீர் விழுந்து மசி கரைந்திருந்ததையும் பார்த்தேன், அது மழைத்துளி என்று சொல்லாதே, நான் உன்னைப் பெற்றவள். உன் அப்பா, எம்பொண்ணு வந்துடட்டும், இன்னாத்துக்கு அந்தத் தீவுல தனியா குந்திகினு அழுவணும் என்றார். அடுத்த நாளே ஹார்பரில் கண்ட ஆளையெல்லாம் நிறுத்தி, அந்தமான் கப்பல் எப்ப வருது நைனா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் நீ வந்தால் கசக்காது. உன் பாய் அதே மூலையில் சுருட்டியபடி நிற்கிறது, ஜேக்கப் அதை எடுத்தால் விளக்குமாற்றால் அடிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் ஐரி, நீ லீவுக்கு வந்தால் அந்தப் பாயை நானே விரித்துப் போடுவேன், தோற்றுப்போய் வந்தால் நீயே விரித்துக்கொள்.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஜூலை மாதமே நீ பிள்ளைகள் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து நான் உனக்காக ஒரு திருட்டு வேலை பார்த்து வந்தேன். நீ போன பிறகு நம் பள்ளிக்கூடத்துக்கு ஃப்ளோரன்ஸ் என்று இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தர் வந்திருக்கிறார், ஆள் நம் தண்ணீர்ப் பானை உயரம், குரல் ஹார்பர் சங்கு. அவர் ஒன்பதாம் கிளாஸுக்கு என்னதான் செய்கிறார் என்று பார்த்து உனக்கு எழுதிவிடலாம் என்று அந்த வராந்தாவையே நாலு தடவை ஐந்து தடவை பெருக்கினேன், ராயபுரத்திலேயே அதைவிடச் சுத்தமான வராந்தா கிடையாது. ஒரு நாள் ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தார், உள்ளே என்ன என்று சொல்லாமல் ஒரு பெண்ணைக் கையை விடச் சொன்னார், அவள் கண்ணால் பார்க்காமல் கையில் பட்டதை மட்டும் இங்கிலீஷில் எழுதிப் படிக்க வேண்டும், மற்றவர்கள் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தி கையை விட்டு வீல் என்று கத்தினாள், கடைசியில் பார்த்தால் கயிற்றுத் துண்டு. இன்னொரு நாள் பேப்பரில் வந்த படங்களை வெட்டி, கீழே இருந்த எழுத்தை எடுத்துவிட்டு, இந்தப் படத்தில் இருக்கிற ஆள் என்ன நினைக்கிறார் என்று எழுதச் சொன்னார். அப்புறம் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து ஒருத்தி படிப்பாள், மற்றவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். இதெல்லாம் உனக்கு உபயோகப்படுமோ படாதோ, திருடினவள் பொருளின் தரத்தைப் பார்க்க முடியாது.

இப்போது ஒரு ஆட்டின் கதைக்கு வருகிறேன். போன மாசக் கடைசியில் ஃப்ளோரன்ஸ் டீச்சர் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். கிளாஸ் முழுவதும் சேர்ந்து ஒரே கதை, ஆளுக்கு ஒரு வரி, அவளவள் எழுந்து போய்த் தன் வரியைப் பலகையில் எழுதிப் படித்துவிட்டு வர வேண்டும், அடுத்தவள் அதிலிருந்து பிடித்துக்கொண்டு போக வேண்டும், கதை முடிகிறவரைக்கும் யாரும் நோட்டில் காப்பி பண்ணக் கூடாது. முதல் வரி எழுதியவள் புளியந்தோப்பிலிருந்து வருகிற மெகருன்னிசா, கறிக்கடை மஜீது பாயின் மகள், வாய் உன்னுடையதைவிட நீளம். அவள் தன் அப்பா கடையிலிருந்து ஒரு ஆட்டை அவிழ்த்துவிட்டாள். அடுத்தவள் அதை பஸ்ஸில் ஏற்றினாள், அதற்கடுத்தவள் ஹார்பரில் இறக்கினாள், ஒருத்தி கப்பலில் ஏற்றிவிட்டாள். ஆடு கப்பல் சமையல்காரனுடைய தொப்பியைத் தின்றது, கேப்டனுடைய படுக்கையில் படுத்தது, இப்படி ஐந்து நாள் வெள்ளிக்கிழமைவரை கதை போய், முப்பத்தோரு வரி ஆகிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் தண்ணீர் ஊற்றப் போகும்போது பெண்களே கதையைத் தமிழில் சொல்லிவிடுவார்கள், ஆடு இப்ப இன்னா பண்ணுது என்று கேட்காமல் நான் பானையைக் கீழே வைக்க மாட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மாசத்து முதல் சனிக்கிழமை எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் கூடவே வந்து கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு அழுதிருக்கிறாய். கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரத்து வேலியில் கோவை இலை பறித்துக்கொண்டு வந்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, எல்லாக் கிளாஸ் பலகைக்கும் அழுந்தத் தேய்த்துப் பூசிக் காய வைத்துவிட்டேன். ஒன்பதாம் கிளாஸ் பலகையை எடுத்தபோது அது நிறைய எழுத்து இருந்தது. எனக்கு ஆட்டின் ஞாபகம் வராமல் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது, இந்நேரம் காப்பி பண்ணியிருப்பார்கள் என்று நினைத்தேன். மேல் மூலையில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் மூன்று வார்த்தை மட்டும் பெரிய பெரிய எழுத்தில், அடியில் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தது. ஏதோ கர்த்தருடைய வசனம் போல இருக்கிறது, என்ன அழகாக எழுதியிருக்கிறார் டீச்சர் என்று, மனசு வராமல் அதை மட்டும் கடைசிவரை விட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் அழித்தேன். அது என்ன என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. தயவுசெய்து அழிக்க வேண்டாம் என்று அந்த அம்மா எனக்குத்தான் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானமே காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவர், வாயால் சொல்ல நான் கண்ணில் படாததால், இங்கிலீஷ் தெரியாத எனக்கு இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கிளாஸில் எழுந்த சத்தத்தைக் கேட்டு வேறு யாராவதாக இருந்தால் எழவு விழுந்துவிட்டது என்று ஓடியிருப்பார்கள். பலகை மழை மேகம் மாதிரி கறுகறு என்று பளபளக்கிறது. ஃப்ளோரன்ஸ் டீச்சர் வந்தார், பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டு, எலி அழித்திருக்கும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கையை முந்தானைக்குள் விட மறந்துவிட்டேன். உடனே மெகருன்னிசா எழுந்து, மிஸ் மிஸ், ஆயாம்மா நகத்தைப் பாருங்க மிஸ், நம்ம ஆடு அங்க கீது என்றாள். பத்து நகத்திலும் கரி. கிளாஸே சிரித்துவிட்டது. நான் போய், மிஸ், நான்தான் மிஸ், எனக்கு இங்கிலீஷ் தெரியாது மிஸ் என்றேன். அவர் என்னைப் பார்த்து, தெரியும் ஆயாம்மா, படிக்க வேண்டியவங்க யாருன்னு யோசிக்காம எழுதிட்டேன், தப்பு என்னுது என்றார். ஒரு டீச்சர் ஆயாவிடம் அப்படிச் சொன்னதைப் பன்னிரண்டு வருஷத்தில் இப்போதுதான் கேட்டேன்.

அப்புறம் அவர் எழுந்து சாக்பீஸை எடுத்து, காணாமல் போன ஆட்டை எல்லோரும் சேர்ந்து தேடிக் கொண்டு வர வேண்டும், அவளவள் வரியை அவளவள் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும், எது முன்னால் எது பின்னால் என்று சண்டை வந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தமிழில் போட்ட சண்டை கணக்கில் சேராது என்றார். அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் ஐரி. ஆடு தொப்பியைத் தின்றது கப்பல் சங்கு ஊதுவதற்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு பெஞ்சும் எழுந்து நின்றுவிட்டது. ஒருத்தி, நோ நோ, ஹேட் ஃபர்ஸ்ட், விசில் ஆஃப்டர் என்று கத்துகிறாள், இந்த மூன்றாம் கிளாஸ்காரிக்கே அது விளங்கிற்று. இன்னொருத்தி பாதி இங்கிலீஷில் மாட்டிக்கொண்டு கையால் கொம்பு வைத்துக் காட்டுகிறாள், பக்கத்தில் இருக்கிறவள் அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறாள், எதிராளிக்கே எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு மாசமாக டீச்சர் கெஞ்சிக் கூத்தாடியும் வராத இங்கிலீஷ், அவளவள் வரி போய்விட்டது என்றதும் குழாயில் தண்ணீர் விட்ட மாதிரி வந்துவிட்டது.

முப்பது வரி திரும்பி வந்துவிட்டது. கேப்டன் தன் படுக்கையில் ஆட்டைப் பார்க்கிற வரிதான் கடைசி, அதோடு ஆடு முழுசாக வந்துவிட்டது என்று மெகருன்னிசா உட்காரப் போனாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இல்ல மிஸ், அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சு மிஸ், அழிச்சவ நான், எனக்குத் தெரியாதா, பாதி நீளம்தான் இருந்துச்சு, எழுத்து பொடிப்பொடியா, முடிவுல தூண்டி முள்ளு மாதிரி ஒண்ணு வளைஞ்சு, அதுக்குக் கீழ ஒரு பொட்டு என்றேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை டீச்சர் கிளம்பிப் போன பிறகு எழுதியதாம், யாரும் கவனிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஞானசெல்வி என்று ஒரு பெண், அவள் அப்பா காசிமேட்டில் வலை போடுகிறவர். ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெண் வாயிலிருந்து இங்கிலீஷ் என்ன, தமிழே வந்தது கிடையாது, டீச்சர் கேட்டால் எழுந்து நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவள் எழுந்தாள். கட்டைவிரலைத்தான் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, வேர் வில் த கோட் கெட் டௌன் என்றாள். ஆடு எங்கே இறங்கும் என்று அர்த்தமாம். அதை நான் எழுத்துக்கூட்டி ஜேக்கப்பிடம் கேட்டு எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் அவனைத் திட்டு. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, வந்து எழுது என்றார். அவள் எழுதி, கடைசியில் அந்தத் தூண்டில் முள்ளையும் போட்டாள். நான் சொன்ன மாதிரியேதான் இருந்தது.

இந்தக் கூத்தில் மணி அடிக்கிறது என் வேலை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. பத்து நிமிஷம் பள்ளிக்கூடம் முழுக்க எல்லாக் கிளாஸும் நீண்டுகொண்டே போயிருக்கிறது. கணக்கு டீச்சருக்குச் சந்தோஷம், எட்டாம் கிளாஸ் பெண்களுக்குச் சாபம் விடத் தெரிந்திருந்தால் உன் அம்மா அன்றைக்கே சாம்பல். ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் வந்து கதவில் நின்று, வியாகுலம், மணி அடிக்காமல் இங்கே என்ன செய்கிறாய் என்றார். பரீட்சை எழுதுறேன் மதர் என்று சொல்லிவிட்டேன், என் வாயை எந்தக் கோவை இலை போட்டுத் தேய்ப்பது. மதர் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார், கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. இப்போது ஃப்ளோரன்ஸ் டீச்சர் பலகை மூலையில் தமிழில் எழுதுகிறார், ஆயாம்மா தொடாதீங்க என்று. அதையும் மெகருன்னிசாவே இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், கேட்டால் எனக்குப் பயிற்சியாம்.

ஆடு எங்கே இறங்கும் என்ற கேள்விக்கு நாற்பத்திரண்டு பெண்களும் நாற்பத்திரண்டு ஊர் சொன்னார்கள், சிங்கப்பூர், கொழும்பு, ஒருத்தி மணலி என்றாள், மணலிக்குக் கப்பல் எதற்கு, பஸ்ஸே போகிறதே. அப்போதுதான் எனக்குப் பெருமை பொறுக்கவில்லை, என் பொண்ணு அந்தமான்ல ஐஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர், நம்ம ஹார்பர்லேருந்துதான் கப்பல் போவுது என்று சொல்லிவிட்டேன். ராஜினாமா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது நம் வீட்டு விஷயம். டீச்சர், அப்படியானால் முடிவை நாம் எழுத வேண்டாம், ஆட்டைக் கப்பலில் நிறுத்தி அந்தமான் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவோம், எங்கே இறக்குவது, இறங்கி என்ன செய்யும் என்று ஆளுக்கு ஒரு வரி அவர்கள் எழுதி அனுப்பட்டும் என்றார். இதோடு நாலு பெரிய தாள் மடித்து வைத்திருக்கிறேனே, அதுதான் ஆடு. எழுத்து ஞானசெல்வியுடையது. அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மூலையில் கரி விரல் ரேகை ஒன்று இருக்கும், அது என்னுடையது, அதுவும் கதையில் சேர்ந்ததுதான் என்று டீச்சர் பதிக்கச் சொன்னார்.

உன் அப்பாவுக்குக் கதையைச் சொன்னேன். இருபது வருஷமாக விஞ்ச் ஓட்டுகிற மனுஷன், கதையைக் கேட்காமல் குற்றம் கண்டுபிடித்தார். ஆடு இன்னா படி ஏறியா கப்பலுக்குப் போவும், வலையில போட்டுத் தூக்கணும், காலு நாலும் வெளியில தொங்கும், எழுதுனவங்களுக்கு இன்னா தெரியும் என்றார். அப்புறம் இரண்டு நாளாக, சாப்பிடும்போதுகூட, அங்க கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியில எந்தப் பக்கம் எறக்குவாங்க என்று என்னையே கேட்கிறார். அந்தமான் கப்பல் எப்போது வருகிறது என்று இன்னும் விசாரிக்கிறார், ஆனால் இப்போது உனக்காகவா ஆட்டுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐரி, நான் படித்தவள் இல்லை, உனக்குப் பாடம் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகப் பலகை அழிக்கிறவள். டீச்சர்கள் எழுதி நிறைத்த பலகையை அழிக்கும்போது ஒருத்தரும் அழுததில்லை. பெண்கள் தாங்களே எழுதியதை அழித்த அன்றைக்குத்தான் நாற்பத்திரண்டு பேரும் அழுதார்கள், அப்புறம் பேசினார்கள். உன் வங்காளியும் தெலுங்கும் ராஞ்சியும் ஒருவருக்கொருவர் பேசப் பாஷை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாயே, எனக்கென்னவோ அவர்களுக்குச் சண்டை போட ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது. இந்த ஆட்டை அவர்கள் நடுவில் விட்டுப் பார். ஒருத்தன் ஹார்பரில் இறக்குவான், ஒருத்தன் காட்டில் விடுவான், ஒருத்தன் அதைக் குழம்பு வைத்துவிடுவான், மெகருன்னிசா அதைத் தாங்க மாட்டாள், தீவுக்கே புறப்பட்டு வந்துவிடுவாள். நடக்காவிட்டால் நான் அழித்த பலகையில் இன்னொன்று சேர்ந்தது என்று நினைத்துக்கொள். ராஜினாமா எங்கே போகப் போகிறது, பெட்டியிலேயே இருக்கட்டும், உப்புக்காற்றில் கொஞ்சம் பூஞ்சை பிடிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. கொசுவலையைத் துவைத்துக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறாயா என்று நீ எழுதவில்லை, அதை மறந்ததாக நான் நினைக்கிறேன், போகாமல் இருந்தாய் என்று நினைக்க விடாதே. பதினைந்தாம் தேதி மாதா திருநாளில் உன் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி வைப்பேன், உன் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று, ஆட்டுக்கு வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். மாதா உன் வாய்க்கு வார்த்தையும் உன் பிள்ளைகள் வாய்க்கு வழியும் கொடுப்பாளாக, நீ நிற்கிற இடம் உனக்குப் பழகிப்போகட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஜூன் மாதத்திலிருந்து பேசாமல் இருந்த அந்த ஞானசெல்வி இப்போது தினமும் காலையில் நான் மணி அடிக்கிற இடத்துக்கு வந்து நிற்கிறாள். தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, திங்கட்கிழமைதான் தபாலில் சேர்ப்பேன், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, ஆயாம்மா, ஆடு எறங்கிச்சா என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸுக்குப் போகிறாள். இன்னும் இல்லடி, எறங்குறது எம்பொண்ணு கையில கீது என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மணி அடிப்பதற்கு முன்னால் தினமும் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் அம்மா
வியாகுலம்மாள்